காயாத ஜெனரல்

"பன்னிரண்டு பீரங்கி வெச்சிருந்த இந்தக் கோட்டையை, கல்யாண உடுப்போட வந்து, ஒரு தோட்டா சுடாம, காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடி நான் ஒருத்தியே பிடிச்சேன். அதுவும் இன்னும் காயாத ஒரு படத்தை வெச்சு!"

சொல்லிவிட்டு ஹெர்மெலிந்தா கைத்தடியால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கோட்டையின் சாப்பாட்டுக்கூடம் அதிர்ந்தது. சுவரில் மிச்சமிருந்த கர்னல்கள் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். அப்படித்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. வரைந்தவளே அவள்தானே, அவள் சொன்னால் கேட்க மாட்டார்களா?

சான் ஹெலாசியோ ஊரைவிட்டு ராணுவம் காலி செய்துகொண்டு போகிறது. கட்டில், மேஜை, சூப் அண்டா எல்லாம் முன்பே போய்விட்டன. இன்றைக்குப் படங்கள். கூடத்தில் இருந்த அத்தனை அதிகாரிகளையும் கழற்றித் தலைநகரத்துக் கிடங்குக்கு ஏற்றிப்போக லாரி வந்து முற்றத்தில் உறுமிக்கொண்டு நின்றது. இடது சுவரில் மீசை வைத்த கர்னல்கள், வலது சுவரில் மீசையை எடுத்துவிட்ட கர்னல்கள். அத்தனை பேரையும் வரைந்த கை ஹெர்மெலிந்தாவுடையது. அவர்கள் கிடங்குக்குப் போவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. எலி கடித்தாலும் சரி, அந்த எலிக்குத்தான் வயிறு வலிக்கும். ஒரே ஒரு படம் மட்டும் போகக் கூடாது. நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு நின்ற ஜெனரல் ஹித்ரோபோவின் படம்.

"விதி இருக்கு, தோன்யா," என்று பெரிய மனுஷிக்குரிய மரியாதையோடு அழைத்துச் சொன்னாள் பொறுப்பிலிருந்த லெஃப்டினன்ட் சுலேமா கார்ரியோன். வயது சின்னது, பூட்ஸ் பளபளவென்று இருந்தது, மனசும் நல்ல மனசுதான். "இந்த ஊரில் நடந்த ஏதாவது முக்கியமான சம்பவத்தோட சம்பந்தம் இருக்கிற படம்னா ஊர்லயே விட்டுட்டுப் போகலாம். ஆனா அன்னிக்கு அந்த இடத்துல இருந்த இன்னொருத்தர் வாயால அதைக் கேக்கணும். வரைஞ்சவங்க சொல்றது செல்லாது."

"இருந்தவங்க எல்லாரும் சுடுகாட்டுல இருக்காங்க, கண்ணு. இங்கருந்தே கத்திக் கேக்கட்டுமா?"

சாக்கு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து வறுத்த சோளத்தைக் கொறித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற சார்ஜென்ட் அபெலார்தோ திப்பான் தொண்டையைச் செருமினார். அவளுடைய மூத்த மகனுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். அந்த வழியில் அவள் அவருக்குக் கொமாத்ரே, அவர் அவளுக்குக் கொம்பாத்ரே. ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி பேச அதைவிடப் பெரிய உரிமை வேண்டியதில்லை.

"கொமாத்ரே, போன ஞாயித்துக்கிழமை எட்டு பீரங்கின்னு சொன்ன."

"நாலு குட்டி போட்டிருக்கு. உனக்கென்ன தெரியும் கொம்பாத்ரே? நீதான் அன்னிக்கு அம்பாத்தோவுல கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பல்வலின்னு உக்காந்திருந்தியே!"

"ஆமா, உக்காந்திருந்தேன். கடைவாய்ப் பல்லு. அதனாலதான் புத்தி தெளிவா இருக்கு. படம் கோட்டையைப் பிடிச்சுதாம்! மாடு கித்தார் வாசிச்சுதுன்னு சொல்லு, நம்பறேன்."

சீட்டாட்டத்திலும் சரி, சாவு வீட்டிலும் சரி, அவள் இந்தக் கதையை எடுத்தால் அவர் இதையேதான் சொல்லுவார். ஊரில் இதை நம்பாதவர் அவர் ஒருவர்தான். ஊர் நம்புவது வேறு விஷயம். சூடான கனெலாசோ சாராயம் ஒரு குவளை உள்ளே போனால் சான் ஹெலாசியோ எதையும் நம்பும்.

"நீங்க சொல்லுங்க தோன்யா," என்றாள் லெஃப்டினன்ட், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "லாரிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு."

ஹெர்மெலிந்தா சார்ஜென்டை ஓரக்கண்ணால் பார்த்தாள். இழுத்து மூச்சு வாங்கினாள். இன்றைக்குக் கதையை இதுவரை ஊதாத அளவுக்கு ஊதுவது என்று முடிவுசெய்துகொண்டாள்.

அப்போது அவளுக்குக் கல்யாண வயது. மாகாணத்திலேயே ராணுவ உடுப்பு வரையத் தெரிந்த ஒரே கை. முகம் வரைய ஆயிரம் பேர் இருந்தார்கள், பொத்தான் வரைய அவள்தான். அவள் வரைந்த பொத்தானில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். தோள்பட்டை நட்சத்திரங்களை நிஜத் தங்கப்பொடி கலந்து வைப்பாள். அவை இருட்டறையிலும் கண்ணைக் குத்தும்.

ஜெனரல்களுக்கு நிற்க நேரம் இருக்காது. உடுப்பைப் பெட்டியில் போட்டு முன்னாலேயே அனுப்பிவிடுவார்கள். அதே பருமனுள்ள யாருக்காவது அதை மாட்டி, நிற்கவைத்து, உடம்பு முழுவதையும் வரைந்து முடிக்க வேண்டும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் முட்டை மாதிரி ஒரு வெள்ளை. கடைசியில் ஜெனரல் வந்து ஒரு சுருட்டுப் புகைக்கிற நேரம் உட்காருவார். அதற்குள் முகத்தைப் பிடித்துவிட வேண்டும். சின்னச் சுருட்டுக்காரர் என்றால் மூக்கோடு சரி.

"ஹித்ரோபோவோட உடுப்பு யாருக்குப் பொருந்திச்சு தெரியுமா?" ஹெர்மெலிந்தா படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "கோட்டை பேண்டுல டிராம்போன் ஊதிக்கிட்டிருந்த ஒனோஃப்ரேவுக்கு. எனக்கு நிச்சயமான ஆளு. கழுத்துக்கு மேலதான் ஜெனரல், கண்ணு. கழுத்துக்குக் கீழ என் புருஷன். அந்தத் தொந்தி அவனுது. உள்பக்கமா வளைஞ்ச அந்த முட்டி அவனுது. வாத்தியக் குழலை முன்னாடி தள்ளி இழுத்துப் பழகின வலது கை, வாள் பிடியில வையுடான்னா வெக்காது. முன்னால நீட்டிக்கிட்டே நிக்கும். சரி, வரைபடத்தைக் காட்டுறாருன்னு வெச்சுக்கலாம்னு அப்படியே வரைஞ்சுட்டேன்."

லெஃப்டினன்ட் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஊர் முழுக்க கர்னல்களை வரைஞ்சேன். அவனைத் தனியா வரைய எப்பவும் நேரம் வரல. நாளைக்கு, நாளைக்குன்னே அவனும் போய்ச் சேர்ந்துட்டான். அவனுக்குன்னு இருக்கிற ஒரே படம் இதுதான். தலை மட்டும் வேற ஆளோடது, அவ்வளவுதான்."

சார்ஜென்ட் சோளத்தை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அது ஹெர்மெலிந்தாவுக்குப் பிடிக்கவில்லை. இழவு வீடு மாதிரி ஆகிவிட்டதே! கைத்தடியைச் சுழற்றிக் கதையை மறுபடி கிளப்பினாள்.

வெள்ளிக்கிழமை மாலை மாகாணத் தலைநகரில் ஜெனரலின் வீட்டில் முகத்தை வரைந்து முடித்தாள். மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சான் ஹெலாசியோ கோவிலில் அவளுக்கும் ஒனோஃப்ரேவுக்கும் கல்யாணம். தூரிகையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது உருளைக்கிழங்கு லாரிக்கார ரொசேந்தோ மூச்சிரைக்க ஓடிவந்தான். கோட்டைக்குக் கொண்டுபோன மூட்டையோடு அப்படியே திரும்பி வந்திருந்தான்.

"கேப்டன் மெர்ச்சான் புரட்சி பண்ணிட்டாருங்க! சிப்பாய்ங்களுக்குப் புது பூட்ஸ் வர்ற வரைக்கும் கதவைத் திறக்க மாட்டாராம். ஜெனரலே நேர்ல வந்து நின்னாலொழிய ஒரு கோழிக்குஞ்சு கூட உள்ள வரவும் கூடாது, வெளிய போகவும் கூடாதுன்னு உத்தரவு!"

"பேண்டுக்காரங்க?"

"உள்ளதாங்க. பாட்டு இல்லாத புரட்சி எடுபடாதுன்னு பிடிச்சு வெச்சிருக்காரு."

ஜெனரலிடம் ஓடினாள். அவர் சுருட்டின் கடைசித் துண்டை ரசித்துக்கொண்டிருந்தார். பூட்ஸுக்கெல்லாம் ஒரு புரட்சியா, ஞாயிற்றுக்கிழமை சேவல்சண்டை இருக்கிறது, திங்கட்கிழமை போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: படம் மட்டும் நாளைக்கே கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

திங்கட்கிழமையாம்! ஊரெல்லாம் அழைத்தாகிவிட்டது. பன்றி அடுப்பில் ஏறப்போகிறது. மாப்பிள்ளை பீரங்கிகளுக்குப் பின்னால் பூட்டிக்கிடக்கிறான். ஹெர்மெலிந்தா அன்று விட்ட சாபத்தில் மூன்று எரிமலைகள் புகைந்தன. கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

"கேட்டவங்க யாரு?" என்றார் சார்ஜென்ட்.

"எரிமலைங்களைப் போய்க் கேளு கொம்பாத்ரே, இன்னும் அங்கதான் நிக்குதுங்க."

விடியற்காலையில் கிளம்பினார்கள். எண்ணெய்ச் சாயம் காய வாரக்கணக்கில் ஆகும். ஈரப் படத்தைத் துணியால் மூடினால் துணி ஒட்டிக்கொண்டு மூக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். படுக்கவைத்தால் லாரியிலுள்ள வைக்கோலும் கிழங்கு மண்ணும் ஜெனரலுக்குத் தாடி வைத்துவிடும். ஆகவே வேறு வழியில்லை. லாரியின் திறந்த பின்பகுதியில், ஓட்டுநர் தலைக்குப் பின்னால், கிழங்கு மூட்டைகளின் மேல் படத்தை நேராக நிமிர்த்தி, முன்பக்கம் பார்த்த மாதிரி கயிற்றால் கட்டினார்கள். சட்டம் இன்னும் போடவில்லை, வெறும் படுதாதான். பின்னால் முதுகை முட்டுக்கொடுத்துக் கல்யாண வெள்ளுடுப்பில் ஹெர்மெலிந்தா. முன்னாலிருந்து பார்த்தால் அவள் ஒரு துளிகூடத் தெரிய மாட்டாள்.

அவள் மனசில் அப்போது எந்தச் சூதும் இல்லை. படத்தைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையைக் கேட்டுக் கெஞ்சலாம் என்றுதான் நினைத்தாள். மலைப்பாதையில் ஏறியதும் மூடுபனி இறங்கியது. அடுப்பிலிருந்து பொங்கி வழிந்த பால் மாதிரிப் பனி. முதல் ஊரின் எல்லையில் போலீஸ்காரன் ஒருவன் கையில் ரொட்டியோடு நின்றிருந்தான். லாரி நெருங்கியதும் ரொட்டியை எறிந்துவிட்டு நெற்றியில் அறைந்தது போல ஒரு சல்யூட் வைத்தான். அடுத்த வளைவில் சுங்கச்சாவடித் தடுப்புக்கட்டை தானாக மேலே போனது. அதற்கடுத்து ஒரு சவ ஊர்வலம். தூக்கியவர்கள் பெட்டியைக் கீழே வைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள்.

"பெட்டிக்குள்ள இருந்தவனும் எந்திரிச்சு சல்யூட் வெச்சான்," என்றாள் ஹெர்மெலிந்தா.

"ஐயோ கடவுளே," என்றார் சார்ஜென்ட்.

"முழுசா எந்திரிக்கல. பாதிதான்."

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. 'ஜெனரலே நேரில் வந்து நின்றாலொழிய' என்றுதானே உத்தரவு? நிற்கிறாரே! இதைவிட நேராக எந்த ஜெனரலால் நிற்க முடியும்? ஓட்டுநர் பக்கத்து ஜன்னலை நோக்கிக் கத்தினாள்: "ரொசேந்தோ! கோட்டை வாசல்ல போய் நிறுத்து. வாயைத் திறக்காதே. விளக்கை மட்டும் அணைக்காதே!"

"அம்மா, சுட்டுட்டாங்கன்னா?"

"சுட்டா படத்துலதான் ஓட்டை விழும்!"

படத்துக்குப் பின்னால் நிற்பது தான்தான் என்பது அவளுக்கு வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

"ஒண்ணு கேக்கறேன்," என்று குறுக்கிட்டாள் லெஃப்டினன்ட். கடிகாரம் இருப்பதையே அவள் மறந்துவிட்டிருந்தாள். "பக்கத்துல வந்தா படம்னு தெரிஞ்சிடாதா?"

"கண்ணு, ராணுவத்துல சேர்ந்த மொத நாள் உனக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க? அதிகாரி வந்தா எங்க பாக்கணும்?"

லெஃப்டினன்டின் கழுத்து தன்னையறியாமல் விறைத்தது. "தோளைப் பாக்கணும். நட்சத்திரத்தை எண்ணணும். அப்புறம் பார்வையைத் தொப்பிக்கு மேல வெச்சுக்கணும். முகத்தைப் பாக்கறது மரியாதையில்ல."

"அதேதான். இந்த நாட்டு ராணுவத்துல ஜெனரலோட மூஞ்சியைப் பார்த்த சிப்பாய் எவனும் கிடையாது. தோளைத்தான் பார்ப்பானுங்க. தோளை வரைஞ்சது யாரு?"

கோட்டை வாசலில் லாரி நின்றது. பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "யாரங்கே?" ரொசேந்தோ பதில் சொல்லவில்லை. ஜெனரலும் பதில் சொல்லவில்லை. "யாரங்கே?" மறுபடியும் பதில் இல்லை. ஒரு ஜெனரல் கத்தினால் பயப்படாதவன்கூட அவர் பேசாமல் நின்றால் நடுங்குவான். விளக்கு வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பித் தங்க நட்சத்திரங்களில் விழுந்து மின்னியது. காவலாளி நெருங்கி வரும் பூட்ஸ் சத்தம். சக்கரத்தில் கால்வைத்து ஏறும் சத்தம். படம் ஒரு தடவை லேசாக ஆடியது. பின்னால் நின்ற ஹெர்மெலிந்தாவுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த நொடி கோட்டையே இடிந்து விழுகிற மாதிரி ஒரு அலறல்: "என் ஜெனரல்! கதவைத் திறங்கடா! ஜெனரல் வந்திருக்கார்!"

கதவு திறந்தது, கொம்பு முழங்கியது. பாதிப்பேர் பழைய பூட்ஸிலும் பாதிப்பேர் வெறுங்காலிலும் ஓடிவந்து முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். எல்லோர் கண்ணும் தொப்பிக்கு மேலே. கேப்டன் மெர்ச்சான் ஒரு கன்னத்தில் சவர நுரையோடு ஓடிவந்தான். தோளைப் பார்த்தான். வாளை உருவி, பிடியை முன்னால் நீட்டிப் படத்தின் காலடியில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். மன்னிப்பு என்றான், பூட்ஸ் என்றான், அம்மா என்றான். ஜெனரல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருக்க இருக்க மெர்ச்சான் இன்னும் அதிகமாக ஒப்புக்கொண்டான். சமையலறையில் காணாமல்போன வாத்துவரை ஒப்புக்கொண்டான்.

பேண்டு, ஜெனரலுக்கான வரவேற்பு இசையை எடுத்தது. வாசித்துக்கொண்டே நிமிர்ந்த ஒனோஃப்ரே மட்டும் படத்தைப் பார்த்தான், அதுவும் முட்டியைத்தான் பார்த்தான். தன்னுடைய முட்டியை அவனுக்குத் தெரியாதா? டிராம்போனிலிருந்து கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. அதற்குமேல் தாமதித்தால் சிரித்துவிடுவான் என்று தெரிந்தது. விடியற்காலைக் குளிரில் ஹெர்மெலிந்தாவின் தொண்டை கட்டியிருந்தது. படுதாவுக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரலில் உத்தரவு போட்டாள்: "கோட்டை முழுவதும்! பேண்டு முன்னால்! மாதா கோவிலுக்கு, நட!"

நடந்தார்கள்! பேண்டும் ராணுவமும் முன்னே, லாரி பின்னே. கோவில் வாசலில் பனி விலகி வெயில் அடித்தபோது ஜெனரலுக்குப் பின்னாலிருந்து மணப்பெண் இறங்கினாள். மெர்ச்சான் படத்தைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். இதை வெளியே சொன்னால் யார் மானம் போகும் என்று கணக்குப்போட்டுப் பார்த்துவிட்டு, கன்னத்தில் காய்ந்த நுரையோடு விருந்துக்கு உட்கார்ந்து பன்றிக்கறி மூன்று தட்டுச் சாப்பிட்டான்.

"அப்புறம் ஜெனரலுக்கு என்ன ஆச்சு?" என்றாள் லெஃப்டினன்ட்.

"நேர்ல போய் ஒத்தையா புரட்சியை அடக்கினாருன்னு பதக்கம் குடுத்தாங்க. அவரும் வாங்கிக்கிட்டாரு. அப்புறம் அந்தப் பதக்கத்தையும் படத்துல சேர்க்கச் சொல்லி எனக்கே ஆள் அனுப்பினாரு. அதோ, கீழ் வரிசையில கடைசி. மத்ததைவிடக் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கு பாரு."

லெஃப்டினன்ட் கிட்டே போய்ப் பார்த்தாள், இருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் வாடியது. "தோன்யா, எனக்கு நம்பணும்னுதான் ஆசை. ஆனா இதெல்லாம் நீங்க ஒருத்தர் சொல்றது."

வெளியே லாரிக்காரன் ஒலிப்பானை அழுத்தினான். இரண்டு சிப்பாய்கள் ஏணியோடு நடுச்சுவருக்கு வந்தார்கள். படம் ஆணியிலிருந்து கழன்றது. படத்தை இறக்கித் தரையில் சாய்த்து வைத்தபோது அந்த நீட்டிய வலது கை எல்லோர் கண்ணெதிரே வந்தது. விரல்களின் மேல் சாயம் இழுபட்டுத் தேய்ந்திருந்தது.

"இது என்ன கறை?" என்றாள் லெஃப்டினன்ட்.

ஹெர்மெலிந்தாவுக்கு இன்னும் ஒரே ஒரு சீட்டு கையில் இருந்தது. சார்ஜென்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அதை ஓங்கிப் போட்டாள்.

"அதுவா? வாசக்காவலுக்கு நின்ன அந்த முட்டாப்பய பண்ணின வேலை. ஜெனரலைப் பார்த்ததும் பயத்துல காலோட ஒண்ணுக்குப் போயிட்டான். மண்டிபோட்டு, ஓன்னு அழுது, பிஷப் கையைப் பிடிச்ச மாதிரி அந்தக் கையைப் பிடிச்சு முத்தமா குடுத்தான். பத்து முத்தம், இருபது முத்தம்! சட்டைக்கைச் சாயம் ஒட்டி ஒரு வாரம் அவன் மீசை பச்சையா இருந்துச்சாம்! சொந்த அம்மாவுக்குக்கூட அப்படி ஒரு முத்தம் குடுத்திருக்க மாட்டான், அந்தப் பயந்தாங்கொள்ளி, அந்த..."

"முத்தமா!"

சாக்கு மூட்டை கவிழ்ந்தது. வறுத்த சோளம் கூடமெங்கும் சிதறி ஓடியது. சார்ஜென்ட் திப்பான் செக்கச்செவேலென்று எழுந்து நின்றார்.

"யாருடி முத்தம் குடுத்தது? ஒண்ணுக்கும் போகல, ஒரு மண்ணும் போகல! கையைக் குலுக்கினேன்! கையைத்தான் குலுக்கினேன்! பீரங்கி ரெண்டே ரெண்டுதான், அதுல ஒண்ணுக்குள்ள கோழி அடைகாத்துக்கிட்டிருந்துச்சு!"



"நீங்க அம்பாத்தோவுல பல்வலியோட..." என்று மெதுவாக ஆரம்பித்தாள் லெஃப்டினன்ட்.

"பல்லாவது வலியாவது." சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஹெர்மெலிந்தாவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கைத்தடியை ஜெனரலின் வாள் மாதிரித் தூக்கிப் பிடித்தாள். "பார்த்தியா! பார்த்தியா! ஏமாந்தவன் இவன்தான்! என் படத்தைப் பார்த்து ஏமாந்துபோய்..."

"ஏமாறல, கொமாத்ரே."

அவள் கைத்தடி அந்தரத்தில் நின்றது.

சார்ஜென்ட் படத்தின் முன்னால் வந்து குனிந்து, அந்தத் தேய்ந்த விரல்களின் மேல் தன் விரல்களை வைத்தார். தேய்மானம் அப்படியே அவர் கையளவுக்கு இருந்தது.

"கை நீட்டறாரேன்னு பிடிச்சேன். ஈரமா ஒட்டிச்சு. படம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் கையைப் பார்த்தேன். இந்தக் கட்டைவிரல் எனக்குத் தெரியாதா? தினம் என் தட்டுலேர்ந்து கிழங்கு திருடின விரலு. பின்னால வெள்ளையா உடுப்பு நுனி வேற தெரிஞ்சுது. கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு நெனச்சேன்." அவர் நிமிரவில்லை. "நெஜமான ஜெனரல்னு நம்பித் திறந்திருந்தா நான் முட்டாள். படம்னு தெரிஞ்சு திறந்திருந்தா அன்னைக்கு என்னைச் சுவரோரம் நிக்கவெச்சுச் சுட்டிருப்பாங்க. அதான் பல்வலி."

ஹெர்மெலிந்தா தூக்கிய கைத்தடியை மெல்லக் கீழே இறக்கினாள்.

ஏணியைப் பிடித்திருந்த சிப்பாய்களை லெஃப்டினன்ட் கையால் தள்ளி நிற்கச் சொன்னாள். சார்ஜென்ட் அவளுக்கு நேராகத் திரும்பி, பார்வையை அவள் தொப்பிக்கு மேலே வைத்து, விறைப்பாக நின்றார்.

"சார்ஜென்ட் அபெலார்தோ திப்பான், வாசல் காவல். அவ சொன்னதெல்லாம் நடந்துச்சு, லெஃப்டினன்ட். முத்தம் மட்டும் நடக்கல."